பெற்றோர் நாள் ஆட்டம்

ஹவுன்ஸ்லோ,
1.9.1991

அன்பு மகன் பீற்றருக்கு,

ஆண்டவர் காவலில் நான் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே தெரியும்? ஜூலையில் வந்த கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டேன். இனி அதில் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

எனக்கு இப்போது காலை ஷிப்ட். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் அதே வேலைதான். அமெரிக்கா போகிற பிளேன் என்றால் மட்டும் ஒவ்வொரு தட்டையும் இரண்டு தரம் பார்க்கிறேன். சூப்பர்வைசர் கோபாலகிருஷ்ணன், "என்ன யாக்கோப்பண்ணை, உங்கட மகனே இதைச் சாப்பிடப்போறான்?" என்று பகிடி பண்ணுகிறார்.

இந்த மாதம் உங்கள் ஆட்டங்கள் தொடங்கும் அல்லவா? ஞாயிறு பின்னேரங்களில் ரீவியில் அமெரிக்க உதைபந்து காட்டுகிறார்கள். தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு மாடுகள் மாதிரி முட்டுகிறார்கள். பெயர்தான் உதைபந்து, உதைக்கிறவன் எப்போதாவது ஒருவன்தான் வருகிறான். அவன் வரும்போது மட்டும் நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். இங்கே ஹவுன்ஸ்லோ பார்க்கில் நீ உதைத்ததைப் பார்த்துவிட்டு, "இவனை எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள்" என்று அந்த அமெரிக்கர் வீடு தேடி வந்தபோது, ஏதோ பிள்ளை பிடிகாரன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு விஷயம். முதலாம் வருடம் நீ எழுதியிருந்தாய்: கடைசி வருடப் பிள்ளைகளின் கடைசி ஆட்டத்தன்று பெற்றோரை மைதானத்துக்குள் கூப்பிட்டு, பெயர் சொல்லி, மகனோடு நடக்க விடுவார்கள் என்று. இது உன் கடைசி வருடம். நவம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். அம்மா போய் அந்த மாதத்தோடு ஏழு வருடம். அவ இருந்திருந்தால் அவதான் முன்னுக்கு நடந்திருப்பா. அவவின் பங்கையும் சேர்த்து நான் நடக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
யாக்கோப்பு


மில்பர்ன் கல்லூரி, ஒஹாயோ,
23.9.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். கடிதம் பிந்தியதற்கு மன்னியுங்கள். காலையில் வகுப்பு, பின்னேரம் பயிற்சி, பிறகு காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுக்கைதான்.

மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. நேற்று முன்தினம் ஆட்டம் முடிய நாலு செக்கன் இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்னுக்கு. கோச் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை மட்டும் ஆட்டினார். நாற்பத்தொரு யார் தூரம், கம்பங்களுக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி. பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடிக்கிறவன் கிரேக், என் அறைத் தோழன். நான் கம்பங்களைப் பார்ப்பதில்லை, பந்தின் தையலைத்தான் பார்ப்பேன். உதைத்த பிறகும் பார்க்கவில்லை. சத்தத்தில்தான் தெரிந்தது. முப்பதாயிரம் பேர், அப்பா. இந்த ஊரில் இருப்பதே பன்னிரண்டாயிரம். முடி வெட்டுகிறவர் என் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

நீங்கள் நவம்பரில் வருவது பற்றி. இங்கே அப்போது கடும் குளிர். ஆட்டத்துக்கு முதல் கோச் எங்களைத் தனியாக வைத்துவிடுவார், உங்களோடு கதைக்கவும் முடியாது. மே மாதம் பட்டமளிப்புக்கு வாருங்கள், அதுதான் நல்லது. குறை நினைக்க வேண்டாம்.

அன்பு மகன்,
பீற்றர்


ஹவுன்ஸ்லோ,
13.10.1991

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தைக் கோயில் வாசலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நாற்பத்தொரு யார் எவ்வளவு என்று கிறிஸ்துநாயகம் கேட்டார். இரண்டு பேருமாகக் காலால் அளந்து பார்த்தோம். கோயில் கதவில் தொடங்கி றோட்டைத் தாண்டி மற்றப் பக்கத்து மதிலில் முடிந்தது. "இவ்வளவு தூரம் உதைக்கிறானோ, அதுவும் ஆக்கள் ஏறி விழேக்கை!" என்று அவர் வாயில் கை வைத்தார்.

குளிர் என்று எனக்கா சொல்கிறாய்? எட்டு வருடமாக ஜனவரி விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் நான். கதைக்க முடியாவிட்டால் பரவாயில்லை, கையைக் காட்டு, போதும். லீவு தந்துவிட்டார்கள். ரிக்கெற்றும் எடுத்துவிட்டேன். பதினாறாம் திகதி ஆட்டம்தானே?

உன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்குமே, ஒன்றையாவது வெட்டி அனுப்பக்கூடாதா? கிறிஸ்துநாயகத்தின் மகள் கொலம்பஸில் படிக்கிறாள். அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அன்பு அப்பா,
யாக்கோப்பு


மில்பர்ன்,
28.10.1991

அப்பா,

எட்டு ஆட்டத்தில் ஏழு வெற்றி. நான் இதுவரை ஒன்றுதான் தவறவிட்டேன்.

ரிக்கெற்றைத் திருப்பிக் கொடுங்கள். நேரே சொல்கிறேன், வராதீர்கள். எனக்கு இப்போது வேறொன்றையும் யோசிக்க ஏலாது. கிரேக்கின் அப்பா அம்மா இதே ஊர். ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். அந்த நாளுக்கு வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிறிஸ்துநாயகம் மாமாவின் மகளை இதற்குள் இழுக்காதீர்கள்.

பீற்றர்


ஹவுன்ஸ்லோ,
24.11.1991

மகனுக்கு,

நான் ஒஹாயோவுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது.

ஐந்தாம் திகதி கிறிஸ்துநாயகம் ஒரு கடித உறை கொண்டுவந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "அண்ணை, பிள்ளை அனுப்பினவள். நான் வாசிச்சிட்டன். தராமல் விடுவமோ எண்டும் யோசிச்சன்" என்று சொல்லிவிட்டு வாசலோடு போய்விட்டார்.

உள்ளே அரைப்பக்கத்தில் உன் படம். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். மன்னாரில் பதினாலு வயதில் வீட்டு முற்றத்தில் உன் கண்முன்னால் ஆமிக்காரர் தாயையும் தகப்பனையும் சுட்டார்களாம். உலகத்தில் யாருமில்லாத பிள்ளை, தன் காலை மட்டும் நம்பிக் கடல் கடந்ததாம். அநாதை என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

பத்திரிகைக்காரன் பொய் எழுதியிருப்பான் என்றுதான் நினைத்தேன். நேரில் கேட்க வேண்டும் என்றே வந்தேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸால் இறங்கி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உங்கள் விடுதிக்கு வழி கேட்டேன். யாரைப் பார்க்க என்று அந்தப் பெண் கேட்டா. உன் பெயரைச் சொன்னேன். அவவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் அவனுடைய நாடா? அவனுடைய அப்பா அம்மாவைத் தெரியுமா?" என்று கேட்டா. என்ன சொல்ல? தெரியும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் அந்தப் பிள்ளை" என்று கண் கலங்கினா. அதற்குப் பிறகு நான் விடுதிப் பக்கம் போகவில்லை.

அடுத்த நாள் மைதானத்தில் உச்சிப் படியில் இருந்தேன். ஆட்டத்துக்கு முதல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். தாய் தகப்பன் கைகோர்த்து நடந்தார்கள். கடைசியாக உன்னையும் அந்தக் கிரேக்கையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். நடுவில் நீங்கள் இரண்டு பேர், ஒரு பக்கம் அந்தப் பெரிய மனிதர், மற்றப் பக்கம் அவர் மனைவி. உன் பெற்றோர் யுத்தத்தில் இறந்தார்கள் என்றும், இவர்கள் அவர்களுடைய இடத்தில் நிற்கிறார்கள் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முழுச் சனமும் எழும்பியது. எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் எப்படி இருப்பது? எழும்பினேன். கை தட்டினேன். என் சாவுக்கு நானே கை தட்டினேன், பீற்றர். எனக்கு நடுங்கியதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் தன் போர்வையில் பாதியைத் தந்தார்.

பிறகு ஆட்டம். கடைசியில் ஒரு புள்ளி பின்னுக்கு. முப்பத்து மூன்று யார்தான், சனமெல்லாம் வெல்லப்போகிறோம் என்று எழும்பி நின்றது. பந்து இடது கம்பத்துக்கு வெளியால் போனது. போர்வை தந்த அதே ஆள், "இவனை வந்த இடத்துக்கே அனுப்புங்கள்" என்று கத்தினார்.

நீ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் தனியே இருந்தாய். ஒருவரும் கிட்ட வரவில்லை, அந்தக் கிரேக்கும் வரவில்லை. நான் படியால் இறங்கி வேலிவரை வந்தேன். உனக்கும் எனக்கும் இருபது அடி. உன் பெயர் வாய்வரை வந்தது. கூப்பிட்டால், இவர் யார் என்று நாலு பேர் கேட்பார்கள். நீ என்ன சொல்வாயோ என்று பயந்துவிட்டேன். திரும்பிப் போய்விட்டேன்.

ஏன் என்று மட்டும் எழுது.

அப்பா


மில்பர்ன்,
2.12.1991

அப்பா,

நாலாயிரம் மைல் வந்தீர்கள். கடைசி இருபது அடி வரவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததே அதுதான்.

ஏன் என்று கேட்டீர்கள். இரண்டாம் வருடம் ஒரு பத்திரிகைக்காரர், அம்மா எப்படி இறந்தா என்று கேட்டார். ஊரடங்குச் சட்டத்தில் என்றேன். அப்பா எங்கே என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். அடுத்த நாள் அச்சில் வந்தது. ஹவுன்ஸ்லோவில் உங்களைச் சந்தித்த அமெரிக்கர் அதற்கு முதலே கல்லூரியை விட்டுப் போய்விட்டார், உங்களைக் கண்டவர் இங்கே வேறொருவருமில்லை. பிறகு வந்தவர்கள் முற்றத்தையும் ஆமியின் துவக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது என் பிழை. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நீங்கள் அறியாத ஒன்றை எழுதுகிறேன். அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் என்று மட்டும்தானே உங்களுக்குச் சொன்னார்கள்? இரண்டு நாள் ஊரடங்கு. நானும் றோஸ்மலர் மாமியும் அம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலத்தடியில் ஆமி திருப்பி அனுப்பியது. அடுத்த நாளும் போனோம், அடுத்த நாளும் திருப்பினார்கள். அன்று பின்னேரம் அம்மா போய்விட்டா. சேமக்காலையில் அடக்கத்துக்கு நின்ற சுவாமியார், "தேப்பன் எங்கை?" என்று கேட்டார். "லண்டனிலை" என்று மாமி சொன்னா. அவருக்கு அது விளங்கவில்லையோ என்னவோ, "வரட்டும், பாப்பம்" என்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் நின்றார்கள். பிறகு என்னை மண் போடச் சொன்னார்கள்.

உங்கள் கடிதம் இருபத்தொரு நாள் கழித்து வந்தது. இப்போது வெளிக்கிட்டால் அகதி வழக்கு அழிந்துவிடும், தைரியமாயிரு என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்திரிகைக்காரர் கேட்டபோது நான் அதிக தூரம் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பா.

நீங்கள் கேட்டால் பத்திரிகைக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு இங்கே ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. முடி வெட்டுகிறவர் படத்தைக் கிழித்துவிட்டார். கிரேக் வீட்டில் ஞாயிறுக்குக் கூப்பிடுவதில்லை. நத்தாருக்கு விடுதியை மூடுகிறார்கள். எனக்குப் போக வேறு இடமில்லை. வீட்டுக்கு வரலாமா?

பீற்றர்


ஹவுன்ஸ்லோ,
10.12.1991

பீற்றருக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. சைக்கிள் விஷயம் எனக்குத் தெரியாது. றோஸ்மலர் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

அம்மா போய்விட்டா என்று தந்தி வந்த அன்று வழக்கறிஞரிடம் ஓடினேன். "போனால் திரும்பி வர ஏலாது, யாக்கோப்பு" என்றார். மகனை இங்கே எடுக்கத்தான் போகாமல் நின்றேன் என்று ஏழு வருடமாக எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். அது உண்மைதான். ஆனால் அவர் ஏலாது என்று சொன்னபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதுவும் உண்மை. அங்கே திரும்பிப் போக எனக்குப் பயமாயிருந்தது. செத்த மனிசியின் முகத்தைப் பார்க்கவும் பயமாயிருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஆகவே நீ எழுதியதில் பிழையில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் உன்னைக் கூப்பிட்டு எடுத்தேன். சமைத்துப் போட்டேன். உன் சப்பாத்தின் சேற்றைக் கழுவினேன். நீ போன நாளிலிருந்து மாதம் தவறாமல் எழுதினேன். அந்த மனிதனையும் சேர்த்துத்தான் நீ சாகக் கொடுத்தாய். அவன் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இதை நினைக்காமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

பத்திரிகைக்குப் போகாதே. அந்தச் சனத்தின் முகத்தை ஒரு பின்னேரத்துக்குள் இரண்டு விதமாகப் பார்த்தவன் நான். உண்மையைச் சொன்னால் பட்டம் வாங்க முதலே உன்னைத் துரத்திவிடுவார்கள். அங்கே எழுதியது அப்படியே இருக்கட்டும். எனக்கு அதனால் இனி ஒன்றும் கூடிக் குறையப்போவதில்லை.

நத்தாருக்கு வா. இது உன் வீடு. வீட்டுச் சாவியைக் கிறிஸ்துநாயகத்திடம் கொடுத்து வைக்கிறேன். குளிர்பெட்டியில் மீனும் கறியும் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடு. ஹீற்றர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும், இல்லாவிட்டால் பற்றாது.

நான் இருபதாம் திகதி தோர்ண்டன் ஹீத்துக்குப் போகிறேன். அங்கே ஒரு நண்பர் வீட்டில் அறை இருக்கிறது, வேலைக்கும் அங்கிருந்தே போவேன். விலாசம் கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியும். அவரிடம் கேட்காதே, சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ ஜனவரி ஐந்தாம் திகதி திரும்ப வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிக்கிடும்போது கதவைப் பூட்டி, சாவியைக் கடிதம் போடும் துவாரத்துக்குள் போட்டுவிடு. நான் ஆறாம் திகதி வீட்டுக்கு வருவேன்.

அ. யாக்கோப்பு