பத்து சென்டிமீட்டர் கோடு

இன்று காலை புது பிரிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஒயரைச் சொருகியதும் திரையில் ஒரு கட்டம் திறந்தது. தாளின் அளவு: லெட்டர். யாரும் கேட்காமலே அது முடிவு செய்து வைத்திருந்தது. கை தானாக இழுப்பறைக்குள் போய் உன் ஸ்கேலைத் தேடியது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஸ்கேல் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. முனை தேய்ந்து பூஜ்யம் அழிந்துபோன அதே எஃகு ஸ்கேல். புதிது வாங்குவோம் என்றால் கேட்க மாட்டாய். "ஒண்ணுல தொடங்கி பதினொண்ணுல முடி. அதுல என்னட்டி கஷ்டம்?" என்பாய்.

பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போகிற வழியில் நாம் இருவரும் இந்த டிடிபி கடையைத் திறந்தபோது எனக்கு டைப் அடிக்க மட்டும்தான் தெரியும். நீ கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். வந்ததும் பர்தாவை மடித்து வைத்துவிட்டு, முதல் வேலையாகத் தாளின் அளவைப் பார்ப்பாய். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. அதற்காக ஒருநாள் பாடமே நடத்தினாய்.

"இந்த சாப்ட்வேரெல்லாம் அமெரிக்காவுல பொறந்தது. நாம சொல்லாட்டா அது அதோட ஊருத் தாளத்தான் நினைச்சுக்கிடும். லெட்டரு நம்ம ஏ4ஐ விட அகலம் ஒரு பொட்டு கூட, உயரம் ஒரு வெரக்கடை கம்மி." ஓர் ஏ4 தாளைக் குறுக்கே மடித்துக் காட்டினாய். "பாதியாக்குனாலும் அதே சாயல் பாத்தியா? ஏ3 பாதி ஏ4, ஏ4 பாதி ஏ5. லெட்டர மடிச்சா வேற ஆளாயிரும்."

தலையாட்டினேன். ஒரு விரற்கடையில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலை உனக்கு பஸ் தப்பிவிட்டது. நான் தனியாக இருந்தேன். பனவடலிசத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் நிலம் பிரித்த வரைபடத்தை நிலம் அளக்கிறவர் மெயிலில் அனுப்பியிருந்தார். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். கடைக்கு வந்தவர் அண்ணன். படத்துக்கு மேலே இருவர் பெயரையும் போட்டு அடித்துத் தரச் சொன்னார். எல்லைக்கல் ஊன்ற ஆட்கள் காத்திருக்கிறார்களாம். முந்தைய வாரம்தான் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்து சாப்ட்வேரைப் புதிதாக ஏற்றியிருந்தோம். நான் ஒரு பக்கத்தைத் திறந்து படத்தை உள்ளே இழுத்துப் போட்டேன். அது தானாகச் சுருங்கி அடங்கி உட்கார்ந்தது. எவ்வளவு சமத்து என்று சந்தோஷப்பட்டேன். தாளின் அடியில் ஒரு விரற்கடை வெள்ளையாகக் கிடந்ததைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குத் தம்பி வந்தார், அதே தாளோடு. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகப் பேசினார்.

"இந்தப் படத்த அடிச்சது நீதானம்மா? எங்க அண்ணன் என்ன சொல்லி அடிக்கச் சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லலியே அண்ணாச்சி."

"அப்ப எம்பக்கத்துக் கெணறு எப்படி அவன் பக்கம் போச்சு? ஸ்கேல் வச்சுப் பாத்து, டேப் புடிச்சுத்தான் கல்லு ஊனியிருக்கான்."

அப்போதுதான் அந்த வெள்ளை விரற்கடை எனக்குப் புரிந்தது: பக்கம் லெட்டர் அளவில் திறந்திருக்கிறது, படம் அதற்குள் சுருங்கியிருக்கிறது. சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் "வந்த படத்த அப்படியே அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்" என்று பைக்கை எடுத்தார். பைக்கில் சாக்கு சுற்றி ஏதோ கட்டியிருந்தது. கடப்பாரையா அரிவாளா என்று பார்க்கத் தைரியமில்லை.

கால் மணி நேரம் கழித்து நீ வந்தாய். அழுதுகொண்டே சொன்னேன். நீ திட்டவில்லை. அதே படத்தை இன்னொன்று அடித்து அதன் மூலையில் ஸ்கேலை வைத்தாய். அங்கே ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் 'பத்து செ.மீ.' என்று. நிலம் அளக்கிறவரிடம் சொல்லி நீதான் எல்லாப் படத்திலும் அதைப் போட வைத்திருந்தாய். நான் அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன். கோடு ஒன்பது புள்ளி நாலு இருந்தது.

"தம்பி பங்கு நூத்தி எம்பது மீட்டர் நூத்தி அறுவத்தொம்பது ஆயிருக்கு," என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "அந்த அண்ணன் ஒண்ணும் அறியாதவரு. ஓம் பொய்யில ஒரு உசுரு போயிரக் கூடாது. எந்திரி."

ஏ4 வைத்துச் சரியாக அடித்த தாளோடு ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே காட்சிதான்: கரிசல் மண்ணில் ஒருவர் விழுந்து கிடக்கிறார். போலீஸ் என்னைக் கேட்கிறது. அதைவிட, அவர் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். பாதியில் இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

போய்ச் சேர்ந்தபோது கிணற்றுமேட்டில் பத்துப் பேர் நின்றார்கள். அண்ணன் சட்டை கிழிந்திருந்தது. தம்பி கையில் அரிவாள். சாக்கு கீழே கிடந்தது. நீ நேராக நடுவில் போய் நின்றாய்.

"தப்பு எங்க கடையோடது. உங்க அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல," என்றாய். 'இவளோடது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்கேலை என்னிடம் நீட்டினாய். "நீ வச்சுக் காட்டு."

என் கை ஆடியதில் ஸ்கேல் தாளில் நிற்கவே இல்லை. காதருகே வந்து சொன்னாய்: "கை நடுங்குனா நடுங்கட்டும்ட்டி. அளந்து காட்டு."

பழைய தாளை அளந்தேன், புதியதை அளந்தேன். என் வாயால் சொன்னேன்: "அண்ணாச்சி, காலைல உங்ககிட்ட பொய் சொன்னேன். படம் சுருங்குனது என்னால." தம்பி ஸ்கேலை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அரிவாளைச் சாக்கின் மேல் போட்டுவிட்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அவர்களே டேப் பிடித்து, பதினோரு மீட்டர் தள்ளிக் கல்லை மறுபடி ஊன்றினார்கள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் உன் கையைப் பார்த்தேன். உன் விரல்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. "ஒனக்குமா?" என்றேன். "பின்ன? ஆட்டோவுல ஏறுனதுல இருந்து ஓதிக்கிட்டேதான் வந்தேன். பயந்தவதாம்ட்டி ரெண்டு தடவ அளப்பா." உன்னைத் தைரியசாலி என்று நினைத்த அத்தனை நாளும் நீ பயந்துகொண்டுதான் ஸ்கேலை எடுத்திருக்கிறாய்.

மருத்துவமனையில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் உன் விரல்கள் அப்படித்தான் இருந்தன. பிடித்துக்கொண்டேன். பயமா என்று கேட்க எனக்குத்தான் பயமாக இருந்தது.

இன்று திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண், கட்டப்போகிற வீட்டின் படத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். லெட்டரை ஏ4 ஆக்கினேன். 'சுருக்கு' என்பதை எடுத்துவிட்டு உள்ள அளவிலேயே அடிக்கச் சொன்னேன். மூலையில் கோடு போட்டேன். தாள் சூடாக வெளியே வந்தது. தப்பாக இருந்தால் 'எங்க கடை' என்று முன்னால் போய் நிற்க இனி யாருமில்லை என்ற நினைப்பு வந்ததும் கை ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஏங்க்கா கை இப்படி நடுங்குது?" என்றாள் அந்தப் பெண்.

"நடுங்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு உன் ஸ்கேலை வைத்தேன். ஒன்றில் தொடங்கிப் பதினொன்றில் முடிந்தது. இன்னொரு தடவையும் அளந்தேன்.