பன்னிரண்டு மீற்றர் பொலியெஸ்டர்

செவ்வாய் 10

சோளகக் காற்று. மைதானம் முழுக்கப் புழுதி, வாய்க்குள்ளும். பயிற்சியில் ரக்கெற் ஸ்ட்ரிங் மறுபடி அறுந்தது. இரண்டு கிழமைக்கு ஒன்று. மாகாண ரெனிஸ் அணித் தெரிவு ஞாயிறு. எனக்கு முப்பத்தொன்று. இந்த முறை விட்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்.

நைலோன் இனிச் சரிவராது. பொலியெஸ்டர்தான். லேசில் அறாது, பந்தும் நன்றாகச் சுழலும். ஆனால் விறைப்பு, அடி முழுக்கக் கைக்கு வரும். வலது முழங்கை ஒரு மாதமாக நோகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வெடு என்பார்கள். ஓய்வெடுத்தால் அணி போச்சு.

புதன் 11

அலுவலகத்தில் பார்த்த கோப்பு நான்கு. போனில் ஸ்ட்ரிங் பற்றி வாசித்தது நாற்பது பக்கம்.

மென்மையான பொலி: கைக்கு நல்லது, விலை நமக்குக் கட்டாது.
நடுத்தரம்: கையிருப்பு இல்லையாம்.
பெரிய சுருளிலிருந்து வெட்டித் தருவது, கொழும்பில்: மலிவு. என்ன பெயர், எவ்வளவு விறைப்பு, ஒன்றும் தெரியாது.

இரட்டையர் ஆட்டத்தில் என் சோடி ரஜனி. "மூண்டாவதை எடு. என்ரை அக்கா கொழும்பிலைதானே, பஸ்ஸிலை குடுத்துவிடுவா." ஓம் என்றேன். சொன்ன கையோடு பயம். அவளுக்கென்ன, அவளின் முழங்கையா.

பின்னேரம் நல்லூர். ரக்கெற் பின்னும் சீலன் அண்ணை கடை. மெஷினில் எப்போதும்போல் பட்மின்ரன் ரக்கெற்.

"பொலி அறாது தங்கச்சி, கைதான் அறும். ஐம்பது இறாத்தல் விறைப்புக்கு மேலை இழுக்கமாட்டன்."

என் கைக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் என் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

காத்திருந்த ஒருவர் மற்றவரிடம்: "உவ ரெனிஸ் விளையாடுறவவோ? கலியாணம் முடிச்சிட்டாவோ?" கையிலிருந்த ரக்கெற்றால் தலையில் ஒன்று போட்டிருக்கலாம்.

வியாழன் 12

பார்சல் இல்லை. ரஜனிக்கு ஏழு தரம் போன் எடுத்தேன். ஏழாம் தரம் அவள் எடுக்கவில்லை.

வெள்ளி 13

விடிய பஸ் நிலையம். கொண்டக்டர் தந்தது செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். சாம்பல் நிற வளையம், பன்னிரண்டு மீற்றர். வேலைக்கு நேரமாச்சு. வீட்டு விறாந்தை ஆணியில் கொழுவிவிட்டு ஓடினேன். அது அப்பாவின் ஆணி. யோசிக்கவில்லை.

பின்னேரம் வந்து பார்த்தால் வளையம் மெலிந்திருந்தது. அப்பா கடலுக்குப் போகிறவர். குருநகரில் எங்கள் வீட்டில் நூல் மாதிரி எது தொங்கினாலும் அது மீனுக்குத்தான்.

"அப்பா, இதிலை வெட்டினனீங்களோ?"

"ஓம், தூண்டிலுக்கு ரெண்டு பாகம். நல்ல தங்கூசி நூலெண்டு நினைச்சன். உதவாது பிள்ளை. துப்புரவா இழுபடாது. மீன் இழுத்தால் கையைத்தான் வெட்டும். எறிஞ்சுபோட்டன்."

கத்தினேன். பிறகு அழுதேன். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அப்பாவுக்கு நீளமான கை. மிச்சம் அளந்தேன்: எட்டு மீற்றர் சொச்சம். ஒரு ரக்கெற் முழுக்கப் பின்னக் காணாது. நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

சாப்பிடவில்லை. "கையைத்தான் வெட்டும்" என்றது காதுக்குள்ளேயே நிற்கிறது.

சனி 14

சீலன் அண்ணை கடை திறக்கமுன் வாசலில் நான். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மீற்றர் கோலை எடுத்து அளந்தார்.

"நெடுக்குக்குக் காணும். குறுக்குக்கு நைலோன் போடுவம். உப்பிடி ரெண்டும் கலந்து போடுறவையள் கனபேர். கைக்கும் சுகம்."

முழு நீளமும் இருந்திருந்தால் முழுப் பொலிதான் பின்னுவித்திருப்பேன். அப்பா வெட்டியதால்தான் இது. இதை அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவரோடு கதையில்லை.

ஸ்ட்ரிங்கை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன், பத்துத் தரமாவது. சத்தம் சரியா பிழையா தெரியவில்லை. நாளைக்கு: தொப்பி, இரண்டு துவாய், தண்ணீர், நோவுக்குப் பூசும் எண்ணெய் (பையின் அடியில், ரஜனி காணாமல்).

ஞாயிறு 15

6-4, 3-6, 6-4. வென்றேன். பட்டியலில் என் பெயர். கிட்டப்போய் இரண்டு தரம் வாசித்தேன்.

ஸ்ட்ரிங் அறவில்லை. முதல் செற்றில் முழங்கை சும்மா இருந்தது. மூன்றாவதில் தண்ணீர் கிளாஸைத் தூக்கவும் நொந்தது.

கம்பி வேலிக்கு வெளியே அப்பா. தேவாலயப் பூசைக்குக் கட்டுகிற வெள்ளைச் சாரம். எப்போது வந்தாரோ. அவர் ஞாயிறு காலைப் பூசை தவறவிட்டு நான் கண்டதில்லை.

"பூசைக்குப் போகேல்லையே அப்பா?"

"பின்னேரம் போவன். கை எப்பிடி?"

"எந்தக் கை?"

"ஒரு மாசமா வாளியை இடக்கையாலை எல்லோ தூக்கிறாய்."

பக்கத்தில் ரஜனி. இரண்டு எட்டு தள்ளி அணியைத் தெரிவு செய்தவர்கள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"நோகுதப்பா" என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

நாளைக்கு: அரை நாள் லீவு. எலும்பு டொக்டருக்கு நம்பர் எடுக்க. அப்பா தொழிலுக்குப் போகவில்லையாம், கூட வருகிறாராம்.