நான் உறங்கிய புகைப்படம் குறித்து

அனுப்புநர்
கி. ஜெயமணி,
வண்டூர், தெற்கு அந்தமான்.

பெறுநர்
திட்ட அலுவலர் அவர்கள்,
பராமரிப்பாளர் நலத் திட்டம்,
போர்ட் பிளேர்.

பொருள்: நிறுத்தப்பட்ட இல்ல உதவியாளரை மீண்டும் அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 28.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் ஹரிஹரனுக்கு இருபத்தோரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தானாகப் புரண்டு படுக்க இயலாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கணவருக்குக் கப்பலில் வேலை. மாதத்தில் ஆறேழு நாள்கள் வீட்டில் இருப்பார். நான் தாவரவியலில் முதுகலை படித்தவள். இப்போது வேறு பணி இல்லை.

2. தங்கள் திட்டத்தின்கீழ் திருமதி ரெங்கம்மா செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில் மூன்று மணி நேரம் வந்து மகனைக் கவனித்துவந்தார். நான் வெளியே செல்ல முடிந்த நேரம் அது மட்டுமே.

3. 22.11.2025 அன்று தங்கள் அலுவலகம் நடத்திய, தாய்மார்களுக்கான தற்பேணல் (செல்ஃப் கேர்) முகாமுக்கு அழைப்பு வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. ரெங்கம்மா தம் விடுமுறை நாளில் வந்து, "போயிட்டு வாங்கக்கா, ஒரு டீயாவது உக்காந்து குடிப்பீங்கல்ல" என்று அனுப்பிவைத்தார். முகாமில் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஆலோசகர் என் ஊரைக் கேட்டார். கச்சால் தீவு, இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்றேன். "ரப்பர் தோட்டத்து ஆளுங்களா? அப்ப தாங்குற சக்தி உங்க ரத்தத்துலயே இருக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அது பாராட்டுத்தானா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய என் தாயார் நாற்பத்தாறு வயதில் இறந்தார். எனக்கு நாற்பத்தொன்பது.

4. பிறகு எங்களைப் பாயில் படுத்துக் கண்களை மூடச் சொன்னார்கள். அதன்பின் நடந்தது எனக்குத் தெரியாது. விழித்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டரை மணி நேரம் கடந்திருந்தது. நான் உறங்கினேனா, மயங்கினேனா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எழுந்ததும் மகனைத் திருப்பிவிட என் கை பக்கத்துப் பாயைத் தடவியது மட்டும் நினைவிருக்கிறது.

5. அந்த நிலையில் என்னை எடுத்த புகைப்படம், 'முழு அமைதி பெற்ற தாய்' என்ற குறிப்புடன் தங்கள் செய்திமடலில் வெளியானது. யாரும் என்னைக் கேட்கவில்லை. அடுத்து வந்த பார்வைக் கடிதத்தில், நான் 'முகாமால் மீண்ட பராமரிப்பாளர்' என்பதால் உதவியாளர் தேவையில்லை என்று இருந்தது. 02.12.2025 முதல் ரெங்கம்மா வருவதில்லை. அவரை வட அந்தமானிலுள்ள திக்லிபூருக்கு மாற்றிவிட்டார்கள்.

6. கணவர் வீட்டில் இருந்த ஒரு நாளில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் செய்திமடலை எடுத்துக் காட்டி, "ஃபோட்டோல சாஃப், க்ளியரா தெரியுதே மேடம், எவ்ளோ ஆராமா தூங்குறீங்க! டென்ஷன் உள்ளவங்க இப்படித் தூங்குவாங்களா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். திரும்பிவிட்டேன். ஓய்வெடுக்கத்தானே அழைத்தீர்கள்? விழித்திருந்து அழுதிருந்தால் உதவி தொடர்ந்திருக்குமா? எனக்கு அழ வராது. இதில் என் தவறு எது என்பதைப் பலமுறை யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

7. முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்று. என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. திசுப் பரிசோதனைக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் கணவர் கடலில் இருந்தார். மகனை விட்டுச் செல்ல ஆளில்லாததால் நான் போகவில்லை. மூன்றாவது முறையாகக் கொடுத்திருக்கும் நாள் 24.02.2026, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. அன்றும் கணவர் ஊரில் இருக்கமாட்டார்.

8. ஆகவே, 'மீண்டவர்' என்ற பதிவை நீக்கி, பழையபடி செவ்வாய், வெள்ளி நாள்களில் உதவியாளரை அனுப்ப ஆணையிட வேண்டுகிறேன். அதற்குக் காலம் பிடிக்குமென்றால், 24ஆம் தேதிக்கு மட்டுமாவது ஒருவரை அனுப்புங்கள். ரெங்கம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகனைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையை எழுதி இணைத்திருக்கிறேன்.

அன்று பிற்பகல் மருத்துவமனைப் படுக்கையிலும் நான் கண்களை மூடித்தான் படுத்திருப்பேன். அதை ஓய்வு என்று பதிவு செய்துவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: பார்வைக் கடித நகல், செய்திமடல் பக்கம், பரிசோதனைச் சீட்டு, திருப்பிப் படுக்கவைக்கும் முறை (ஒரு தாள்).

இடம்: வண்டூர்
நாள்: 09.02.2026

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கி. ஜெயமணி