பெஜினாவுக்கு முன்னால்

மார்ச் 3, செவ்வாய்

"மொத்தம் எத்தனை பிள்ளைங்க பெத்தீங்கம்மா?"

காலையில் முற்றத்தில் உட்கார்ந்து துஃபி என்ற பெண் கேட்டாள். சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்தவள், கையில் டேப்லெட். இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று குமாசி பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவள் நான்.

"மூணு" என்றேன்.

"பிறந்து தவறினது ஏதாவது?"

"இல்லை."

அப்போதுதான் உள்ளேயிருந்து என் கணவர் அசாரே மகனைக் கூப்பிட்டார். "பெஜினா, அம்மாவோட கண்ணாடியக் கொண்டுபோய்க் குடு."

துஃபியின் விரல் அப்படியே நின்றது. பெஜினா என்றால் 'வந்துட்ட, இரு' என்று அர்த்தம். போய்விட்ட குழந்தைக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு வைக்கிற பெயர். கானாவில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"தண்ணி குழாயாம்மா, கிணறா?"

மார்ச் 4

இல்லை என்று ஏன் சொன்னேன்? பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லையே.

மார்ச் 9, திங்கள்

பெஜினாவுக்கு முன்னால் ஒருத்தி, வியாழக்கிழமை பிறந்தாள். எட்டாம் நாள்தான் பெயர் வைப்போம், அதுவரை குழந்தை விருந்தாளி. ஐந்தாம் நாள் காலையில் பால் குடிக்கவில்லை. பாதம் சில்லென்று இருந்தது. எத்தனை துணி சுற்றியும் சூடு ஏறவில்லை.

மாமியார் எனக்கு வெள்ளைத் துணி உடுத்திவிட்டார்; எங்களுக்கு அது சந்தோஷத்தின் நிறம். "அழக்கூடாது. அழுதா அடுத்தது வராது. விருந்தாளி வந்தது, திரும்பிப் போச்சு, அவ்வளவுதான்." நல்ல நாளுக்குச் செய்வதுபோல நிலக்கடலைச் சூப்பும் ஃபூஃபூக் களியும் வைத்தார். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இன்று அசாரே தானாகவே சொன்னார். "நாலுன்னு சொல்லியிருக்கலாம்."

"முப்பத்தாறு வருஷமா நீங்க வாயே திறக்கலையே."

"நீ மட்டும் திறந்தியா? சூப்பு குடிக்கத் திறந்தே. ரெண்டு கிண்ணம்."

சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

பழைய பெட்டிகளைத் திறந்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய எங்கள் ஆய்வு. பன்னிரண்டு கிராமங்கள், ஆயிரத்து நூற்று நாற்பது தாய்மார்கள். பிறந்த வாரத்திலேயே இறந்த குழந்தைகள் ஒன்பது என்று கட்டுரை எழுதினோம். கைதட்டல், விருது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான், "இங்கே அவசியமில்லை" என்று, பச்சைக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் அறையை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்தார்கள்.

கணினியில் ஏற்றும்போது பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு எண் போட்டோம். யாருடைய ரகசியமும் வெளியே போகக்கூடாது; சரியான முறைதான், நானே சொல்லிக்கொடுத்தது. ஆனால் காகிதப் படிவங்களில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. பெஜினா. சுமினா, அதாவது குப்பைமேடு. சாவு அருவருத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்று வைப்பது. யெம்பெவ், 'நீ எங்களுக்கு வேண்டாம்'. மொத்தம் நாற்பத்து மூன்று பிள்ளைகள். சிலருக்கு அது குடும்பப் பெயராகவும் இருக்கலாம். பத்தைக் கழித்தாலும் முப்பத்து மூன்று. ஒவ்வொருவருக்கும் முன்னால் போய்விட்டது குறைந்தது ஒரு குழந்தை.

வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். தக்காளிக்காரியிடம் எத்தனை விற்றாய் என்று கேட்டால் சொல்வாள். எத்தனை அழுகியது என்று கேட்டால் கூடையை மூடிவிடுவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும்.

பத்தொன்பது வருடம். எத்தனை சில்லென்ற பாதங்கள்?

மார்ச் 22, ஞாயிறு

நிமாகோவுக்குப் போன் செய்தேன். அன்று என் மாணவன், கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதியவன். இப்போது துறைத் தலைவர். திருத்தம் வெளியிட வேண்டும் என்றேன்.

"மேடம், ரிட்டயர் ஆனவங்க தோட்டம் போடுவாங்க, கோழி வளர்ப்பாங்க. நீங்க செத்த கட்டுரையத் தோண்டுறீங்க."

"கட்டுரை சாகலைப்பா. அதுதான் பிரச்சினை."

"ஜூன்ல எனக்குப் பேராசிரியர் நேர்காணல், தெரியும்ல? பேரை வெச்சுச் சாவை எண்ணினாங்கன்னு ஊரே சிரிக்கும். இதெல்லாம் ஆதாரமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். "கட்டுரையில எஸ். நிமாகோன்னு போட்டிருக்கியே. அந்த எஸ் என்னது?"

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"எனக்கு முன்னாடி ரெண்டு பேர்" என்றான். "அம்மா எங்கிட்டச் சொன்னதில்ல. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணப்பதான் விசாரிச்சேன்." அதன் பிறகுதான் வைத்தான்.

மார்ச் 24

துஃபியைக் கூப்பிட்டேன். "மூணு இல்லம்மா, நாலு. மாத்திடு."

"அன்னைக்கே தெரியும்மா. ஆனா நீங்க சொல்லாம நான் எப்படிப் போடுறது? எல்லாம் மேல அனுப்பியாச்சு. இனிமே திறக்காது." பிறகு, "பொண்ணாம்மா?" என்றாள்.

ஆமாம் என்றேன். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்.

ஏப்ரல் 19

நிமாகோவிடமிருந்து ஒன்றும் இல்லை. தனியாக அனுப்பலாமா? அவன் பிழைப்பிலும் அல்லவா கைவைப்பேன்.

மே 8, வெள்ளி

நிமாகோவின் திருத்தக் கடிதம் வந்தது, நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது என்று எழுதியது தவறு, உண்மை பல மடங்காக இருக்கலாம், பெயர்களை நீக்கியபோது இறந்தவர்களையும் நீக்கிவிட்டோம் — சுற்றிவளைக்காமல் எழுதியிருக்கிறான். நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடியில் அவன் கையெழுத்து, முதல் தடவையாக முழுதாக: சுமினா நிமாகோ.

அந்த அறை இதனால் திரும்பி வந்துவிடாது. தெரியும்.

மதியம் அசாரே நிலக்கடலைச் சூப்பு வைத்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அழுதேன். அவர் தடுக்கவில்லை.

பெட்டிகளோடு இந்த நோட்டையும் துறைக்கே கொடுத்துவிடப் போகிறேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று: அடுத்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்துக் காத்திருங்கள்.