பட்டன் அக்கா வீடும் இரண்டு சாட்சிகளும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஆறவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உனக்கு இருமல் விட்டதா? குளிரில் தலைக்கு ஒன்றும் கட்டாமல் வேலைக்கு ஓடாதே.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் அப்பா வேலை பார்க்கும் தையல் கூடத்துச் சுவரை ஒட்டி ஒற்றை அறையில் இருக்கிறாரே பட்டன் அக்கா, உன் பள்ளிச் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்துக் கொடுத்தவர், அந்த வீடு அவர் புருஷன் கட்டியது. முதலாளிக்கு லாரி திரும்ப இடம் போதவில்லையாம். விலைக்குக் கேட்டார், அக்கா முடியாது என்றுவிட்டார். அன்றிலிருந்து ஜன்னலை மறைத்துத் துணி மூட்டை அடுக்குவதும் தண்ணீர்க் குழாயைப் பூட்டுவதும் என்று ஒரே அட்டகாசம். இப்போது, அக்கா வாயால் சம்மதித்துவிட்டுப் பேச்சு மாறினார் என்று வழக்கே போட்டுவிட்டார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. அதைக் காதால் கேட்டோம் என்று சொல்ல இரண்டு சாட்சி வேண்டுமாம். ஒருவர் லாரி டிரைவர். இன்னொருவர் யார் தெரியுமா, அவருடைய கட்டிங் மாஸ்டர், உன் அப்பா! சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறார்.

போன ஞாயிறு சபையில் வேதம் வாசிக்கும் முறை முதலாளிக்கு. வந்த பகுதி நாபோத்தின் திராட்சைத் தோட்டம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆகாப் ராஜாவுக்குக் கீரை போட இடம் வேண்டும், முன்னோர் நிலத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத், இரண்டு பொய்ச்சாட்சிகளை வைத்து அவனைக் கொன்று நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வாசிக்க வாசிக்க முதலாளிக்குக் குரல் தழுதழுத்தது, கண்ணைத் துடைத்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். வெளியே வந்ததும் உன் அப்பா தோளில் கை போட்டு, மாஸ்டர், அந்த நாபோத் நான்தான், தொழில் பண்ண விடாம எல்லாரும் சேர்ந்து என்னை நசுக்குறாங்க, மாசக் கடைசில வாய்தா, மறந்துடாதீங்க என்கிறார்! தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

முதலாளி கொடுத்த வீட்டுல இருக்கோம், இந்த வயசுல சாமானைத் தூக்கிட்டு எங்க போறது, நியாயத்தைக் கர்த்தர் பாத்துக்குவாரு என்கிறார் உன் அப்பா. நீயும் எது நடந்தாலும் போனில் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றுதான் சொல்வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகாபைக் கர்த்தர் தண்டித்தார், சரி. நாபோத் திரும்பி வந்தானா? ஏழையின் கழுத்தில் கால் வைக்கிறவர்களைப் பார்த்துத் தீர்க்கதரிசிகள் யாராவது வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? எனக்கு ராஜா மேல்கூட நினைப்பு போகவில்லை. அந்த இரண்டு சாட்சிகளும் அன்று வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பாட்டில் கை வைத்தார்கள் என்றுதான் ஓயாமல் யோசிக்கிறேன். உன் அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். அதுதான் எனக்கு ஆத்திரமும் அழுகையும்.

நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறார். நீ செல்லப் பெண், உன் பேச்சைக் கேட்பார். நாம் இருக்கிற வீடு போனால் போகட்டும், பொய் சொல்ல வேண்டாம் என்று வாய்தாவுக்கு முன்னால் அவரிடம் சொல். மறந்துவிடாதே. கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும் கைவிடாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
உன் அம்மா

எப்போதும் போலத் தானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அப்பா வந்தார். முதலில் கோர்ட்டில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பார்க்கிறேன் என்று சொல்லிப் பேனாவைத் தரவில்லை. இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறார்.