மதிப்பிட வந்தவரும் என் வாசிப்பும்

1994 ஆடி, வியாழன்.

ஐந்தாவது வரை படித்த நான் இன்று எழுத்துத் தெரியாதவளாக நடித்தேன். முதியோர் வகுப்பை மதிப்பிட ஒருவர் வந்தார். ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்களாம். உண்மையாகவே படிக்க வரும் நாலு பேரும் பிறகு கைநாட்டுத்தான்.

"அக்கா, இப்பத்தான் கத்துக்கிட்ட மாதிரி திக்கித் திக்கிப் படிச்சுப்போடுங்க" என்று கெஞ்சினாள் டீச்சர் செல்வி.

"மூக்கையும் உறிஞ்சோணுமா கண்ணு?"

படித்தேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார்? பக்கத்தில் பாத்திமா என்னைவிட அழகாகத் திக்கினாள். அவள் மேலும் எனக்குச் சந்தேகம்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டு அம்மாவுக்குச் சினிமாக் கிசுகிசுவைக் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்கம்மா, நல்லா வருதுங்களே!"

பின்சீட்டில் அவர். என் பஸ்ஸில் எதற்கு ஏறினார்?

பத்திரிகையைத் தலைகீழாகத் திருப்பினேன். உக்கடம் வரை அப்படியே படித்துக்கொண்டு வந்தேன்.