வலது பக்கக் கதவு

தோ பாயோ
12 ஜூலை 2025

அன்பு மகள் கிம்பர்லிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறு பூசையில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நெல்சன் ஊரில் காற்றுதான் அதிகம், பட்டறையில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது, கையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்து ஆறிவிட்டது என்பதெல்லாம் நீ அம்மாவோடு போனில் பேசுவதில் எனக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. பொறியாளர் வேலையை விட்டு மரப்படகு செய்யப் போகிறேன் என்று நீ ஏப்ரலில் சொன்னதும், வேண்டாம் என்பதற்கு நான் ஒன்பது காரணங்களை எண் போட்டு எழுதி அனுப்பினேன். அதன் பிறகு நீ என்னோடு பேசிப் பதினோரு வாரம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, நான் கணக்கு வாத்தியார் அல்லவா, எண்ணாமல் இருக்க முடியவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்கிறாள் அம்மா, அதனால்தான் கடிதம்.

இங்கே பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி மழை நாளில் மட்டும் வருகிறது, பாலிகிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள், அதனால் சனிக்கிழமைகளில் தேக்காவில் மீன் வாங்கிவிட்டு என்னோடு ஜாலான் புசார் வரை நடந்து வருகிறாள், நான் இரும்புக் கடையில் நிற்கும் நேரமெல்லாம் தன் கணக்கில் ஓய்வு என்கிறாள். எதிர்வீட்டு நாகம்மா உன்னைக் கேட்டார். எனக்கு மே மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று சமையலறைச் சுவர் மஞ்சள் இல்லை, வெள்ளை என்று தெரிந்தது, நான்கு வருடமாக அதை மஞ்சள் என்று அம்மாவோடு வாதாடியிருக்கிறேன்.

கண் தெளிந்ததும் முதல் வேலையாக, அலமாரி மேலே பிஸ்கட் டின்னில் கிடந்த நாம் செய்த குட்டிக் கார் மோரிஸை இறக்கினேன். அதன் அசல் செம்பவாங்கில் அப்துல் அலீம் அண்ணனின் தரைவீட்டில் நிற்கிறதே, 1935 கார், அவருடைய அத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தபோது, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியது. நாம் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. நான்கு சனிக்கிழமை பேருந்து ஏறிப் போய் நாடாவும் நோட்டுமாக அதை அளந்தோம். நிஜத்தில் ஓர் அடி என்றால் நம் காரில் ஓர் அங்குலம். (அந்தக் கணக்கில் அம்மாவைச் செய்தால் டம்ளரைவிடக் கொஞ்சம் உயரமாக வருவாள், இதை அவளிடம் படித்துக் காட்டாதே.) இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். பித்தளைத் தகட்டை நீயே வெட்டி நீயே ஈயம் வைத்துப் பற்றவைத்தாய். கொண்டுவந்து காட்டியபோது உன் கதவின் பின்பக்கக் கீழ்மூலை என் கதவைவிட ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தப்பு, திரும்பச் செய் என்றேன். நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய், “அப்படித்தான்பா இருக்கு.” அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு புதுத் தகடு ஒன்றை மேசையில் வைத்தேன். நீ அதைத் தொடவில்லை. பிறகு படிப்பு, தேர்வு என்று ஆகிவிட்டது. நான் தனியாக வேறு பதினான்கு கார்கள் செய்தேன், முதல் கார் மட்டும் டின்னிலேயே இருந்தது.

செப்டம்பர் கடைசியில் நம் சமூக மன்றத்தில் கைவேலைக் கண்காட்சி வைக்கிறார்கள், அதில் மோரிஸை முன்னால் வைக்க வேண்டும் என்று ஆசை. சக்கரங்களுக்குக் கித்தார் கம்பியை நறுக்கி ஆரக்கம்பி போட்டேன், நான்குக்கும் பத்து நாள் ஆயிற்று. இருக்கைக்கு என் பழைய பர்ஸின் தோல், முகப்பு விளக்குக் கண்ணாடிக்கு அம்மாவின் ரவிக்கையிலிருந்து இரண்டு பொத்தான், கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், அவள் இல்லை என்கிறாள். கடைசியில் உன் கதவுக்கு வந்தேன். என் கை சும்மா இருக்குமா, அரத்தை எடுத்து அந்த மூலையை நேராக்கினேன். என் கதவைத் திருப்பி அதன்மேல் வைத்துப் பார்த்தால் இம்மியும் பிசகவில்லை. ஆனால் காரில் பொருத்தினால் அடியில் ஆப்பு மாதிரி இடைவெளி தெரிகிறது, ஏனென்றால் கதவுக்கான வாசலையும் நீ அதே அளவுக்கு இறக்கித்தான் வெட்டியிருந்தாய். சரி, ஒரே தப்பை இரண்டு இடத்தில் ஒழுங்காகச் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வாசலையும் திருத்தக் கோடு போட்டுவிட்டேன். வெட்டுவதற்கு முன்னால் கதவுக்குக் கீழே வரும் படிப்பலகையின் நீளத்தைச் சரிபார்க்கலாம் என்று போன செவ்வாய்க்கிழமை செம்பவாங் போனேன்.

அலீம் அண்ணனுக்கு இப்போது எண்பது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். துணியை விலக்கிக் காட்டினார். இடது பலகையை அளந்தேன், வலதையும் அளந்துவிடுவோம் என்று சுற்றிப் போய்க் குனிந்தேன். இருபத்தொரு வருடத்தில் அந்தப் பக்கம் நான் குனிந்தது அதுதான் முதல் தடவை. அங்கே உன் மூலை இருந்தது. நாடா வைத்தேன், இடதைவிடப் பதினெட்டு மில்லிமீட்டர் இறக்கம், பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றரை. அண்ணனிடம் கேட்டால், அவருடைய அத்தா ஒருமுறை நீசூன் வட்டாரத்தில் காரை ரப்பர் மரத்தில் உரசிவிட்டாராம், பட்டறைக்காரர் வளைந்த தூணை நிமிர்த்தாமல் கதவை அதற்குத் தக்கபடி வெட்டிக் கொடுத்துவிட்டாராம், பெயிண்ட் அடித்தபின் யாருக்குத் தெரியப்போகிறது என்று அத்தாவும் விட்டுவிட்டாராம். எனக்கு இது தெரியாதே என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். “உங்க பாப்பாவுக்குத் தெரியுமே சார். அது வந்து கேட்டுச்சு, நான் சொன்னேன். வாத்தியாரும் கேப்பாருன்னு பாத்தேன், நீங்க இந்தப் பக்கம் அளந்துட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிட்டீங்க.”

அவர் சொன்னது சரி. நான் இடது பக்கத்தை மட்டும் அளந்து, படத்தைத் திருப்பிப் போட்டு வலது பக்கம் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் நோட்டைத் தேடி எடுத்தேன். வலது கதவு என்று தனியாக அளவு எழுதி, அடியில் அலீம் மாமா அத்தா, மரம் என்று குறித்திருக்கிறாய். அந்த எண்ணின்மேல் என் சிவப்புக் கோடு இருக்கிறது. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், அவளிடம் காட்டினேன், அவளுக்கும் தெரியுமாம், நீ அன்றைக்கே அழுதுகொண்டு சொன்னாயாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் வந்தாளாம், நான் அப்போது அவளுக்குக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேனாம். ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனாவுக்கு ஓய்வு கொடுக்காத ஆள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

உனக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வருடம் நாற்பது பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் வேறு விடை எழுதியிருந்தாள், நான் தப்புப் போட்டேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் என் விடைக் குறிப்பே தப்பு. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லி மதிப்பெண்ணைக் கொடுத்தேன். ஊரார் பிள்ளைக்கு ஒரு நாளில் செய்ததை உனக்குச் செய்ய இருபத்தொரு வருடம் ஆகியிருக்கிறது. கதவு விஷயத்தில் நீ சரி, நான் தப்பு. அந்த ஒன்பது காரணங்களின் நகலையும் எடுத்துப் படித்தேன். அதில் ஆறு இன்னும் சரி என்றுதான் படுகிறது, உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் நீ என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை, நான் விடை எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டறையை நான் எந்தப் பக்கமிருந்தும் பார்த்ததில்லை. அங்கே என்ன மரம் வருகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், படகின் விலாவை எப்படி வளைக்கிறீர்கள் என்று எழுது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வாசலை நான் வெட்டவில்லை, போட்ட கோட்டையும் தேய்த்து அழித்துவிட்டேன். ஆனால் அரம் போட்ட கதவு திரும்ப வராது, புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதை நான் செய்யப்போவதில்லை. அதே கனத் தகட்டில் ஒரு துண்டும், நோட்டில் அந்தப் பக்கத்தின் பிரதியும் இதோடு இருக்கின்றன, சிவப்புக் கோட்டை மறைக்காமல் அப்படியே பிரதி எடுத்திருக்கிறேன். கண்காட்சிக்காரர்கள் கொடுத்த அட்டையில் செய்தவர் என்ற இடத்தில் உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதிக் கொடுத்தாயிற்று. உனக்கு நேரம் இல்லையென்றாலும், மனம் இல்லையென்றாலும், அப்பா ஒன்றும் நினைக்க மாட்டேன். கதவில்லாமலே வைப்பேன், கேட்பவர்களிடம் அந்தக் கதவு நெல்சனில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

மாதா உன்னையும் உன் கைகளையும் காப்பாராக. தோல் உரிந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஒன்றை மறந்துவிடாதே, உன் நோட்டில் இருக்கும் அளவுக்கே வெட்டு, என்னை நினைத்துக்கொண்டு மூலையை நேராக்கிவிடாதே.

என்றும் அன்புடன்,
அப்பா
ம. இயேசுதாசன்